மலாவியில் நடக்கும் மருத்துவ ஆராய்ச்சி யாருக்காக?

கேள்வி இதுதான்: "ஆப்பிரிக்காவின் ஏழை நாடுகளில் எப்போதும் ஏதாவது ஒரு தடுப்பூசிச் சோதனையோ மருந்துச் சோதனையோ நடந்துகொண்டே இருக்கிறது. ஆனால் அதே ஊர் ஆஸ்பத்திரிகளில் சாதாரண மாத்திரைகூடப் பல நாள் கிடைப்பதில்லை என்கிறார்கள். அப்படியென்றால் இந்த ஆராய்ச்சியால் அந்த மக்களுக்கு என்ன லாபம்? வெளிநாட்டுப் பேராசிரியர்கள் பேர் வாங்கத்தானே இதெல்லாம்?"

நியாயமான கேள்வி. ஆனால் "ஆப்பிரிக்கா" என்று மொத்தமாகப் பிடித்தால் பதில் சொல்ல முடியாது, அங்கே ஐம்பதுக்கு மேல் நாடுகள் இருக்கின்றன. எனக்கு ஓரளவு தெரிந்த மலாவியை எடுத்துக்கொள்கிறேன். அங்கிருந்து வரும் ஆய்வுகளைப் பல வருடங்களாகத் தொடர்ந்து படித்து வருகிறேன்.

முதலில் நாடு. தென்கிழக்கு ஆப்பிரிக்காவில், ஒரு பெரிய ஏரியின் மேற்குக் கரை ஓரமாக நீளவாக்கில் கிடக்கும் நாடு. சுமார் 2 கோடி மக்கள், பெரும்பாலோர் சோளம் விளைவித்து அதன் மாவைக் களியாகக் கிண்டிச் சாப்பிடுகிறவர்கள். அறுவடைக்கு முந்தைய மாதங்களில், அதாவது ஜனவரியிலிருந்து மார்ச் வரை, வீட்டில் தானியம் தீர்ந்துவிடும். மழையும் கொசுவும் மலேரியாவும் சேர்ந்து வருவது அதே மாதங்களில்தான். 1964-ல் சுதந்திரம் கிடைத்தது. முதல் தலைவர் ஹேஸ்டிங்ஸ் பண்டாவே ஒரு டாக்டர், லண்டனில் பிராக்டிஸ் செய்தவர். ஆனாலும் நாட்டுக்கென்று ஒரு மருத்துவக் கல்லூரி வர 1991 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதுவரை வெளிநாடு போய்ப் படித்தவர்களில் நிறைய பேர் திரும்பவில்லை. மலாவியில் இருக்கும் மலாவி டாக்டர்களைவிட மான்செஸ்டரில் இருப்பவர்கள் அதிகம் என்று ஒரு பேச்சு ரொம்ப நாள் உலவியது.

அப்படியென்றால் ஆபரேஷன் யார் செய்கிறார்கள்? கிளினிக்கல் ஆபீசர்கள். இவர்கள் எம்.பி.பி.எஸ். படித்தவர்கள் இல்லை, சில வருடப் பயிற்சி பெற்றவர்கள். 2007-ல் வெளியான ஒரு ஆய்வில் சிசேரியனும் மற்ற அவசரப் பிரசவ அறுவை சிகிச்சைகளுமாக 2,131 எண்ணிப் பார்த்தார்கள். அதில் 1,875, அதாவது 88 சதவீதம், கிளினிக்கல் ஆபீசர்கள் செய்தவை. டாக்டர்கள் செய்ததற்கும் இவர்கள் செய்ததற்கும் விளைவில் பெரிய வித்தியாசம் இல்லை. ஊரில் யார் இருக்கிறார்களோ அவர்களை வைத்தே நடத்த வேண்டும், அதை நன்றாகவே நடத்தவும் முடியும் என்பதற்கு இது ஆதாரம். அடுத்து நான் சொல்லப்போகும் எல்லாவற்றையும் இதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

சரி, ஆராய்ச்சிக்கு வருவோம். எனக்கு மிகவும் பிடித்த கதை குளோரோக்வினுடையது. மலேரியாவுக்குப் பல பத்தாண்டுகளாகக் கொடுத்து வந்த மலிவு மாத்திரை அது. 1980-களில் ஆப்பிரிக்கா முழுக்க அதற்குக் கிருமி மசிய மறுத்தது. மற்ற நாடுகள் வேறு வழியில்லாமல் அதையே கொடுத்துக்கொண்டிருந்தபோது, 1993-ல் மலாவி ஆப்பிரிக்காவிலேயே முதல் நாடாக குளோரோக்வினை விலக்கிவிட்டு எஸ்.பி. என்ற இன்னொரு மருந்துக்கு மாறியது. அப்புறம் நடந்ததுதான் ஆச்சரியம். மருந்தை எதிர்க்கும் கிருமிக்கு அந்த மருந்து இல்லாத ஊரில் கூடுதல் பலம் எதுவும் இல்லை, சாதாரணக் கிருமியோடு போட்டி போட முடியாமல் பின்தங்கிவிடும். வருடாவருடம் எதிர்ப்பு குறைந்துகொண்டே வந்தது. 2006-ல் வெளியான ஆய்வில், பிளாண்டைர் நகரத்தின் என்டிராண்டே பகுதிச் சுகாதார நிலையத்தில் மலேரியாவோடு வந்த குழந்தைகளுக்கு இரண்டு மருந்தையும் கொடுத்து ஒப்பிட்டார்கள். கடைசிவரை கண்காணித்தவர்களில், குளோரோக்வின் எடுத்த 80 பேரில் ஒரே ஒருவருக்குத்தான் அது பலிக்கவில்லை. எஸ்.பி. எடுத்த 87 பேரில் 71 பேருக்குப் பலிக்கவில்லை.

இந்த இரண்டாவது எண்ணை அவசரமாகத் தாண்டிப் போய்விடாதீர்கள். எஸ்.பி.தான் அப்போது அந்த நாட்டின் அதிகாரபூர்வ மலேரியா மருந்து. ஒவ்வொரு சுகாதார நிலையத்திலும் காய்ச்சலோடு தூக்கி வந்த பிள்ளைக்கு அதைத்தான் கொடுத்து அனுப்பிக்கொண்டிருந்தார்கள். இந்த ஆய்வு நடக்காமல் இருந்திருந்தால் அது எவ்வளவு தூரம் செத்துப்போன மருந்து என்பது யாருக்கும் எண்ணாகத் தெரிந்திருக்காது. 2007-ல் மலாவி ஆர்ட்டிமீத்தர் சேர்ந்த கூட்டு மருந்துக்கு மாறியது. உலகத்துக்குக் கிடைத்த பாடம் வேறு: ஒரு மருந்தைப் போதுமான காலம் முழுசாக நிறுத்திவைத்தால் அது மறுபடி வேலை செய்யக்கூடும். இதை லண்டனில் உட்கார்ந்து கண்டுபிடித்திருக்க முடியாது. 1993-ல் ஒரு ஏழை நாட்டின் சுகாதார அமைச்சகம் துணிந்து எடுத்த முடிவு அதற்கு வேண்டியிருந்தது.

மூளை மலேரியா பற்றியும் சொல்லியாக வேண்டும். பிளாண்டைரில் குவீன் எலிசபெத் மத்திய மருத்துவமனை இருக்கிறது, ஊரில் சுருக்கமாகக் குவீன்ஸ். காலையில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளை மாலையில் வலிப்பு வந்து நினைவிழந்து வந்து சேரும் வார்டு அங்கே உண்டு. 1980-களின் இறுதியில் மால்கம் மாலினூ, டெர்ரி டெய்லர் ஆகியோரின் குழு அந்தக் குழந்தைகளைப் படிக்கத் தொடங்கியது. நினைவு எவ்வளவு தப்பியிருக்கிறது என்று அளக்க அப்போது இருந்த அளவுகோல் பேசத் தெரிந்தவர்களுக்கானது, ஒன்றரை வயதுப் பிள்ளையிடம் "இது எந்த ஊர்" என்று கேட்க முடியுமா? அதனால் அழுகை, வலிக்குக் கையை இழுப்பது, கண் அம்மாவின் முகத்தைத் தொடர்வது இவற்றை வைத்து ஒரு எளிய அளவுகோல் செய்தார்கள். பிளாண்டைர் கோமா அளவுகோல் என்று அதற்கு இன்றும் அந்த ஊர்ப் பெயர்தான்.

அப்புறம் இறந்த குழந்தைகளின் உடற்கூறு ஆய்வு. பிள்ளையைப் பறிகொடுத்த சில மணி நேரத்துக்குள் பெற்றோரிடம் போய் அனுமதி கேட்க வேண்டும். சம்மதித்தவர்கள் இருந்தார்கள். அவர்களை நினைக்காமல் இந்த ஆய்வைப் பற்றிப் பேச எனக்கு மனம் வருவதில்லை. 2004-ல் அந்த முடிவு வந்தது. மூளை மலேரியா என்று முடிவு கட்டப்பட்ட 31 குழந்தைகளில் 7 பேர் இறந்தது உண்மையில் வேறு காரணத்தால். ரத்தத்தில் மலேரியாக் கிருமி இருந்தது உண்மை, ஆனால் மழைக்காலத்தில் அந்த ஊரில் நிறையப் பிள்ளைகளின் ரத்தத்தில் அது இருக்கும். உயிரை எடுத்தது வேறொன்று. விழித்திரையைப் பார்த்தால் இதைப் பிரித்தறிய முடியும், அசல் மூளை மலேரியாவில் அங்கே வெளிறிய திட்டுகளும் நிறம் மாறிய ரத்தக் குழாய்களும் ரத்தக் கசிவும் தெரியும் என்பதையும் அதே குழுவினர் காட்டினார்கள். கண்ணுக்குள் பார்க்கும் ஒரு கைக்கருவி போதும்.

2008 வாக்கில் குவீன்ஸுக்கு ஒரு எம்.ஆர்.ஐ. நன்கொடையாக வந்தது. நாட்டுக்கே முதல் எம்.ஆர்.ஐ. அதில் எடுத்த படங்கள் 2015-ல் பெரிய செய்தியாயின. 168 குழந்தைகளில் 25 பேர் இறந்தார்கள், அந்த 25 பேரில் 21 பேருக்கு வந்து சேர்ந்தபோதே மூளை கடுமையாக வீங்கியிருந்தது. வீக்கம் கீழே அழுத்தி மூச்சு நின்றுபோகிறது. பிழைத்த குழந்தைகளுக்கோ ஓரிரு நாளிலேயே வீக்கம் வடிந்தது. அப்படியென்றால் அந்த இடைவெளியை மட்டும் வென்டிலேட்டர் வைத்துத் தாண்டிவிட்டால் பிழைக்க வாய்ப்பு உண்டா என்ற கேள்வி எழுகிறது. ஆனால் அப்போது நாட்டில் தீவிர சிகிச்சைப் படுக்கைகளே மிகச் சொற்பம். எப்படிச் சாகிறது என்று தெரிந்தும் கையில் கருவி இல்லாமல் நிற்கும் நிலைமை. உங்கள் கேள்வியில் இருக்கும் கோபம் இந்த இடத்தில் முழுக்க நியாயம்.

அதே நாட்டில் அதற்கு நேர்மாறான ஒன்றும் நடந்தது. எச்.ஐ.வி. உள்ள கர்ப்பிணிக்கு எப்போது மருந்து தொடங்குவது என்பதற்கு 2010-ல் வந்த உலக வழிகாட்டுதல், சிடி4 என்ற ரத்த அணுக்களை எண்ணிப் பார்த்து முடிவு செய் என்றது. மலாவியின் கிராமத்துச் சுகாதார நிலையங்களில் அந்த இயந்திரம் ஏது? ரத்தத்தை எடுத்து மாவட்ட ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, முடிவு வருவதற்குள் பிரசவமே முடிந்துவிடும். அப்போது பெண்கள் ஐந்தாறு பிள்ளை பெற்றுக்கொண்டிருந்த ஊர், இரண்டு வருடம் பால் கொடுக்கும் ஊர். ஒவ்வொரு கர்ப்பத்துக்கும் மருந்தைத் தொடங்கி நிறுத்தித் தொடங்கி நிறுத்துவதில் அர்த்தமில்லை. அதனால் மலாவி சுகாதார அமைச்சகம் 2011-ல் ஒரு முடிவெடுத்தது: கர்ப்பிணியோ பாலூட்டும் தாயோ எச்.ஐ.வி. இருந்தால் எண்ணிக்கையெல்லாம் பார்க்க வேண்டாம், அன்றைக்கே தொடங்கு, ஆயுள் முழுக்கக் கொடு. ஆப்ஷன் பி பிளஸ் என்று இதற்குப் பெயர். இதை உலக சுகாதார நிறுவனம் முன்மொழியவில்லை, மலாவிக்காரர்கள் முன்மொழிந்தார்கள். அப்படிப்பட்ட பெண்களில் மூன்று மாதத்துக்கு 1,257 பேர் மருந்து தொடங்கிக்கொண்டிருந்தார்கள், அது ஒன்றேகால் வருடத்தில் மூன்று மாதத்துக்கு 10,663 ஆனது. 2013-ல் உலக வழிகாட்டுதலே அந்தப் பக்கம் திரும்பியது. 2020-21 கணக்கெடுப்பில், எச்.ஐ.வி. உள்ள பெரியவர்களில் ஏறக்குறைய 88 சதவீதம் பேருக்குத் தங்கள் நிலை தெரிந்திருந்தது, அவர்களில் 98 சதவீதம் பேர் மருந்தில் இருந்தார்கள், அவர்களிலும் 97 சதவீதம் பேருக்கு வைரஸ் அடங்கியிருந்தது. பணக்கார நாடுகள் பலவற்றில்கூட இந்த எண்கள் வராது.

இல்லாமையிலிருந்து பிறந்த முடிவு இது. மலாவியிலிருந்து வந்த உருப்படியான ஆராய்ச்சிகளைப் பார்த்தால் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கின்றன. கேள்வி அங்கே வார்டில், கூட்டத்துக்கு நடுவில் எழுந்திருக்கும். வெளியே எங்கோ எழுதிக்கொண்டு வந்து இறக்கிய கேள்விகள் அவ்வளவு பலன் தரவில்லை. புகையில்லா அடுப்பு ஒரு உதாரணம். விறகுப் புகையால் குழந்தைகளுக்கு நிமோனியா வருகிறது, நல்ல அடுப்பு கொடுத்தால் குறையும் என்று உலகமே நம்பியது. 150 ஊர்களில், 10,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளை வைத்துப் பார்த்து 2017-ல் முடிவு வந்தது: நிமோனியா கொஞ்சமும் குறையவில்லை. குப்பை எரிக்கும் புகை, சிகரெட், தூசு என்று காற்றைக் கெடுப்பவை வேறு நிறைய இருந்தன. இதுவும் தெரிய வேண்டிய உண்மைதான். கோடிக்கணக்கில் அடுப்பு வாங்குவதற்கு முன்னால் தெரிந்தது நல்லது.

டைபாய்டுக்கு வருகிறேன், இதில் நம் பக்கத்துத் தொடர்பும் உண்டு. குவீன்ஸில் 1998 முதல் ஒரு பழக்கம் இருக்கிறது. காய்ச்சலோடு சேரும் நோயாளிகளின் ரத்தத்தைக் கல்ச்சர் வைத்து, அதாவது அதில் என்ன கிருமி வளர்கிறது என்று பார்ப்பது, வருடக்கணக்காக, விடாமல். 2016 வரை 1,94,000-க்கும் மேல் பார்த்திருக்கிறார்கள். கேட்க சாதாரணமாக இருக்கும், ஆனால் ஆப்பிரிக்காவில் மிகச் சில ஆஸ்பத்திரிகளில்தான் இப்படி நீண்ட கணக்கு இருக்கிறது. 2010 வரை அதில் டைபாய்டு வருடத்துக்குச் சராசரியாக 14 பேர். 2011-ல் 67, 2012-ல் 186, 2013-ல் 843. முன்பு வழக்கமான மருந்துகளுக்கு அடங்கிக்கொண்டிருந்த கிருமி, 2014-ல் 97 சதவீதம் பல மருந்துகளை எதிர்க்கும் வகையாக மாறியிருந்தது. ஆசியாவிலிருந்து பரவிய வகை அது என்று மரபணுவைப் படித்துச் சொன்னார்கள். இந்தக் கணக்கு மட்டும் இல்லாமல் இருந்திருந்தால் இத்தனை பேரும் "மலேரியா மருந்து கொடுத்தும் கேட்காத காய்ச்சல்" என்ற மொட்டைக் கணக்கில் போயிருப்பார்கள்.

நோய் இருக்கிறது என்று எண்ணோடு தெரிந்ததால்தான் தடுப்பூசிச் சோதனை அங்கே போனது. ஹைதராபாத்தில் பாரத் பயோடெக் தயாரிக்கும் டைபாய்டு தடுப்பூசியை என்டிராண்டே, ஜிங்வாங்வா பகுதிகளில் 9 மாதம் முதல் 12 வயது வரையிலான 28,000-க்கும் அதிகமான குழந்தைகளில் பாதிப் பேருக்குக் கொடுத்தார்கள். மீதிப் பாதிக்கு வெறும் உப்புத் தண்ணீர் ஊசி போடவில்லை, மூளைக்காய்ச்சல் தடுப்பூசி போட்டார்கள். அந்தக் குழந்தைகளுக்கும் ஏதோ ஒன்று கிடைக்க வேண்டுமே. 2021-ல் வந்த முடிவு: டைபாய்டு தடுப்பூசி போட்டவர்களில் 12 பேருக்கு நோய், மற்ற பாதியில் 62 பேருக்கு. சுமார் 80 சதவீதப் பாதுகாப்பு. 2023-ல் மலாவி நாடு முழுக்க அந்தத் தடுப்பூசியைக் கொண்டுவந்தது. நோயை எண்ணியதும், சோதித்ததும், தடுப்பூசி வந்து சேர்ந்ததும் அதே தெருக்களில்தான்.

ரோட்டா வைரஸ் சொட்டு மருந்திலும் ஒரு முக்கியமான விஷயம் இருக்கிறது. 2010-ல் வந்த ஆய்வில் தென்னாப்பிரிக்காவில் 76.9 சதவீதம் பாதுகாத்த மருந்து மலாவியில் 49.4 சதவீதம்தான் பாதுகாத்தது. வாய்வழித் தடுப்பு மருந்துகள் ஏழைக் குழந்தைகளின் குடலில் குறைவாகப் பிடிப்பது பல நாடுகளில் பார்த்த ஒன்று, வேலூர் சி.எம்.சி.யில் ககன்தீப் காங் குழுவும் இதையொட்டி நிறைய வேலை செய்திருக்கிறது. பாதிதான் வேலை செய்கிறது, எதற்கு வாங்குவது என்று தோன்றும். ஆனால் மலாவியில் நோய் அவ்வளவு அதிகம் என்பதால், 100 குழந்தைகளுக்குக் கொடுத்தால் ஒரு வருடத்தில் அங்கே 6.7 கடுமையான நோய் தவிர்க்கப்பட்டது, தென்னாப்பிரிக்காவில் 4.2. சதவீதத்தை மட்டும் பார்த்து முடிவு செய்திருந்தால் அதிகம் தேவைப்பட்ட இடத்துக்கு அது போயிருக்காது. 2012-ல் மலாவி அதைத் தொடங்கியது.

இப்போது கொஞ்சம் கசப்பான விஷயம். குறைமாதக் குழந்தைகளுக்கு மூச்சு விட உதவும் பபிள் சிபாப் என்ற கருவி. மூக்கு வழியாக லேசான அழுத்தத்தோடு காற்றைக் கொடுக்கும், குழாயின் மறுமுனை தண்ணீருக்குள் குமிழி விடும். அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழக மாணவர்கள் மலிவாக ஒன்றைச் செய்தார்கள். குவீன்ஸில் கொண்ட்வானி கவாசாவும் மற்றவர்களும் பச்சிளங்குழந்தை வார்டில் அதைச் சோதித்தார்கள். வெறும் ஆக்சிஜன் கொடுத்தவர்களில் 44 சதவீதம் பிழைத்தார்கள், சிபாப் வைத்தவர்களில் 71 சதவீதம். இது 2014-ல். எல்லோருக்கும் சந்தோஷம், எல்லா ஆஸ்பத்திரிக்கும் கொடுக்கலாம் என்ற பேச்சு. அடுத்து சலிமா மாவட்ட ஆஸ்பத்திரியில், கொஞ்சம் பெரிய குழந்தைகளுக்கு, அதாவது ஒரு மாதம் முதல் ஐந்து வயதுக்குள், கடும் நிமோனியாவோடு எச்.ஐ.வி.யோ கடும் ஊட்டச்சத்துக் குறைவோ ரத்தத்தில் ஆக்சிஜன் குறைவோ இருந்தவர்களுக்குச் சோதித்தார்கள். தினமும் டாக்டர் வந்து பார்க்கும் வார்டு இல்லை அது. 2019-ல் வந்த முடிவு: ஆக்சிஜன் மட்டும் கொடுத்தவர்களில் 11 சதவீதம் இறந்தார்கள், சிபாப் வைத்தவர்களில் 17 சதவீதம். ஆய்வைப் பாதியிலேயே நிறுத்த வேண்டி வந்தது.

வயதும் நோயும் வேறு என்பது உண்மைதான். ஆனாலும் நான் இதைப் படித்தபோது நினைத்தது, பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளும் ஆளைத்தான். நர்ஸ் ஒருவர் ஐம்பது அறுபது பிள்ளைகளைப் பார்க்கும் வார்டில், மூக்கில் மாட்டிய குழாய் நகர்ந்ததா, வாந்தி மூச்சுக்குழாய்க்குப் போனதா என்று யார் கவனிப்பது? ஒரு இடத்தில் பலித்தது என்பதற்காகக் கருவியை மட்டும் பெட்டியில் போட்டு அனுப்பினால் போதாது என்பதைச் சோதித்துப் பார்த்த பிறகுதான் சொல்ல முடிந்தது. சோதிக்காமலே எல்லா மாவட்டத்துக்கும் அனுப்பியிருந்தால் எத்தனை பிள்ளைகள் போயிருப்பார்கள், யாருக்குத் தெரிந்திருக்கும்?

"ஏமாற்றி ரத்தம் எடுக்கிறார்கள்" என்ற சந்தேகம் அங்கே நிஜமாகவே உண்டு. 2017-ல் தெற்கு மாவட்டங்களில் ரத்தம் உறிஞ்சுகிறவர்கள் சுற்றுகிறார்கள் என்ற வதந்தி பரவிச் சிலர் அடித்துக் கொல்லப்பட்டார்கள், ஐ.நா. ஊழியர்களை முலாஞ்சே, பலோம்பே பகுதிகளிலிருந்து வெளியேற்ற வேண்டி வந்தது. மூடநம்பிக்கை என்று ஒரே சொல்லில் தள்ளிவிட எனக்கு மனமில்லை. வெளியாட்கள் காரில் வந்து இறங்குகிறார்கள், ஊசியால் ரத்தம் எடுத்துக்கொண்டு போகிறார்கள், என்ன ஆனது என்று பலமுறை யாரும் திரும்பி வந்து சொல்வதில்லை. பசியோடு இருக்கிறவர்கள் இதை வேறு எப்படிப் புரிந்துகொள்வார்கள்? சிச்சேவா மொழியில் பொறுமையாக உட்கார்ந்து பேசி, முடிவை ஊரிலேயே வந்து சொல்லும் குழுக்களும் இருக்கின்றன, அதைச் செய்யாதவர்களும் இருந்திருக்கிறார்கள்.

ஆராய்ச்சி தொடாத இடங்களும் ஏராளம். 2022 மார்ச்சில் தொடங்கிய காலராவில் 58,000-க்கும் மேற்பட்டவர்கள் பாதிக்கப்பட்டு 1,700-க்கும் மேல் இறந்தார்கள். காலராவுக்கு என்ன செய்ய வேண்டும் என்பதில் கண்டுபிடிக்க எதுவும் பாக்கி இல்லை. நல்ல தண்ணீர், கழிப்பறை, உப்புச் சர்க்கரைக் கரைசல், நேரத்துக்கு ட்ரிப். புயல் வந்து கிணறுகளையும் கழிப்பறைகளையும் ஒன்றாக்கிவிட்டுப் போன ஊர்களில் அது கிடைக்கவில்லை, அவ்வளவுதான். அந்தத் தொற்று ஓய்வதற்குள் 2023 மார்ச்சில் ஃபிரெட்டி புயல் பிளாண்டைரையே அடித்தது.

ஆக உங்கள் கேள்விக்கு: லாபம் இருந்திருக்கிறது, பெரிய லாபம், ஆனால் எல்லா ஆய்விலும் இல்லை. பேராசிரியர்கள் பேர் வாங்கியதும் உண்மை. எனக்கு இப்போதைய கவலை வேறு. மலாவியின் மொத்தச் சுகாதாரச் செலவில் பாதிக்கு மேல் வெளிநாட்டுப் பணம். 2025 தொடக்கத்தில் அமெரிக்கா தன் உதவியைச் சட்டென்று நிறுத்தியபோது எச்.ஐ.வி. கிளினிக்குகளில் ஆட்கள் வேலை இழந்தார்கள். புதிய தடுப்பூசிச் சோதனைக்கு எப்படியாவது யாராவது பணம் கொடுத்துவிடுவார்கள், அதில் செய்தி இருக்கிறது. தினம் தினம் ரத்தத்தை எடுத்துக் கல்ச்சர் பாட்டிலில் போட்டு, முளைத்ததை எண்ணி ஒரு பதிவேட்டில் எழுதும் வேலைக்குப் பணம் கொடுக்கத்தான் ஆள் கிடைப்பது கஷ்டம். 2011-ல் பதினான்கு அறுபத்தேழு ஆனதை முதலில் பார்த்தது அந்தப் பதிவேடுதான்.